இங்க பச்சைய நீலம்னு சொல்றாங்க அம்மா

டோகுஷிமா, ஜப்பான்
ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அம்மா, அப்பா, அம்மாயி எல்லாருக்கும்,

நான் நல்லா இருக்கேன், நீங்க எல்லாம் சொகமா இருக்கீங்களா. போன்ல பேசுனா பாதியில சிக்னல் போயிருது, நீங்க தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்கு மேல ஏறி நின்னு ஹலோ ஹலோன்னு கத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ட்யூட்டி நேரம் வந்துருது, இங்க நம்ம இலங்கைய விட மூன்றரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுது பாருங்க. அதான் இந்தத் தடவ உக்காந்து நீளமா டைப் பண்றேன். பாப்பா, நீ இத சத்தமா வாசிச்சுக் காட்டு, அம்மாயிக்கு காது மந்தம், உனக்கு புத்தி சொல்ற எடத்த மட்டும் தாண்டி வாசிக்கிற வேலை வச்சுக்காத.

சாப்பாடு பழகிருச்சு, வெயில்தான் பழகல. மஸ்கெலியா குளிர்ல வளந்த ஒடம்பு, இங்க ஆடி மாசத்துல புழுங்கி எடுக்குது, மரத்துல எல்லாம் சில்வண்டு காது கிழிய கத்துது. வேலை சொன்ன மாதிரிதான், வயசானவங்கள பாத்துக்கிற எடம், குளிப்பாட்டணும், ஊட்டணும், கக்கூஸுக்கு கூட்டிட்டு போகணும். கஷ்டம்தான், ஆனா மானமா நடத்துறாங்க.

இப்ப ஒரு கூத்து சொல்றேன். வந்த புதுசுல ஒரு தாத்தாவுக்கு 'அவோஜிரு' குடுக்கச் சொன்னாங்க. அவோன்னா நீலம், ஜிருன்னா சாறுன்னு கிளாஸ்ல படிச்சது மண்டையில நல்லா ஏறியிருந்துச்சா, நானும் நீலச் சாற தேடுறேன், பிரிட்ஜ்ல இல்ல, அலமாரியில இல்ல, கடைசியில சிங்குக்கு அடியில ஒரு போத்தல்ல நல்லா நீலமா இருந்துச்சு, அத எடுத்து மூடிய தெறக்கப் போறேன், பின்னால வந்த அக்கா போட்ட சத்தத்துல எனக்கு உசிரே போயிருச்சு. அது ஏனம் கழுவுறது! அவோஜிருங்கிறது ஏதோ எலைய அரைச்ச தூள், தண்ணியில கரைச்சா தழை கரைச்ச மாதிரி பச்சைப்பசேல்னு இருக்கு. நீலச் சாறுன்னு பேரு வச்சுட்டு பச்சையா ஒன்ன குடிக்கிறாங்க, நான் என்னத்த செய்ய. அன்னைக்கு முழுக்க அந்த அக்கா என்னைய பாக்குறப்பல்லாம் வாய பொத்திக்கிட்டு சிரிச்சுச்சு.

அதோட முடியல. ரோட்டு லைட்டு இருக்குல்ல, செவப்பு எரிஞ்சா நிக்கணும், 'அவோ' எரிஞ்சா போகணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் சைக்கிள புடிச்சுக்கிட்டு நீலம் எரியும் எரியும்னு நிக்கிறேன், மூணு தடவ பச்சை வந்து போயிருச்சு. பின்னால நின்ன ஸ்கூல் பிள்ளை ஒன்னு எனக்கு கண்ணு தெரியலன்னு நெனச்சு முழங்கைய புடிச்சு கூட்டிட்டு போய் அந்தப் பக்கம் விட்டுச்சு. பொறவுதான் வெளங்குச்சு, இவங்களுக்கு முன்ன காலத்துல பச்சை நீலம் ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அவோ. பச்சைக்குன்னு தனியா மிதோரின்னு ஒரு சொல்லு பொறவு பெருசா பொழக்கத்துக்கு வந்தாலும் ரோட்டு லைட்டு, பச்சை ஆப்பிள், மரக்கறி எல்லாம் பழைய பேர்லயே நின்னுருச்சு. அரசாங்கமும் சனங்கள மாத்த முடியாதுன்னு 1973ல லைட்டையே கொஞ்சம் நீலம் கலந்த பச்சையா மாத்திருச்சாம். நல்லா உத்துப் பாத்தா தெரியுது, நம்ம நாட்டு லைட்டு மாதிரி இல்ல, மயில் கழுத்து கலர்.

என்னடா மனுசங்க இவங்க, கண்ணுக்கு நேரா பச்சை எரியுது நீலம்னு சொல்றாங்களேன்னு ஒரு மாசம் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு போன பௌர்ணமி லீவுக்கு நீங்க வீடியோ கோல் எடுத்தப்பதான் அடங்குச்சு. அம்மாயி போன புடிக்கத் தெரியாம மொகத்த காட்டாம கைய காட்டிக்கிட்டு இருந்துச்சுல்ல, அப்ப அந்தத் தேளு தெரிஞ்சுச்சு. அம்மாயி கல்யாணத்துக்கு முன்ன குத்துன பச்சை. பச்சை! அது எங்கம்மா பச்சையா இருக்கு? நீலம். கருநீலம். பொறந்ததுலருந்து அந்தக் கையில சோறு வாங்கி சாப்பிட்டிருக்கேன், ஒரு நாளாச்சும் இத ஏன் பச்சைன்னு சொல்றோம்னு கேட்டிருப்பேனா? அடுத்த நாள் டியூட்டியில ஒரு பாட்டிக்கு நர்ஸ் ரத்தம் எடுக்குறப்ப கூட நின்னேன், கையில நீலமா ஓடுது, வாயில எனக்கு வருது 'பச்சை நரம்பு'.

அப்பறம் யோசிக்க யோசிக்க வந்துக்கிட்டே இருக்கு. மார்கழி பஜனையில பெருமாள பச்சை மலைன்னு பாடுவோம், படத்துல பாத்தா நீலமா நிப்பாரு, கருப்பு நெறத்தவன்னும் சொல்லுவோம், ஒருத்தரும் சண்டைக்கு வரல. இன்னொன்னு கேளுங்க, நம்ம பச்சைப் புள்ளைன்னு சொல்றோம்ல, இவங்க விவரம் பத்தாத சின்னப் பையன நீலம்னு சொல்றாங்க, நீலமா இருக்கான், இன்னும் பழுக்கலன்னு அர்த்தம். பழுக்காத காய் பாத்து வந்த பேச்சுதான் ரெண்டும். ரெண்டு பேரும் ஒரே மரத்தப் பாத்துட்டு ஆளுக்கு ஒரு பேர எடுத்துட்டு போயிருக்கோம். (தோட்டத்துல எலக்சன் நேரம் மட்டும்தான் நமக்கு ரெண்டும் வேற வேற, பச்சைன்னா யானைச் சின்னக் கட்சி, நீலம்னா கைச் சின்னக் கட்சி, அப்ப மட்டும் ஒருத்தருக்கும் கலர் கொழம்பாது.) நீலிக்கண்ணீர்னு அந்த ஏஜென்ட அம்மா திட்டுவீங்களே, அதுல வர்ற நீலி கலர் இல்ல, பழையனூர்ல பழி வாங்குன நீலி. இருந்தாலும் அந்தாளுக்கு அது பொருத்தம்தான், வாங்குன சல்லிக் காசு இன்னும் திரும்பி வரல.

சரி இப்ப உண்மையான நீலத்துக்கு வர்றேன், அப்பா கவனமா கேளுங்க, இது உங்க தேயிலை ஸ்டோர் வேலை மாதிரி.

இந்த டோகுஷிமா அவுரிக்கு பேர் போன ஊர். நம்ம ஆளுங்க ஊர்ப்பக்கம் அவுரின்னு சொல்ற செடி வேற, இங்க உள்ளது வேற ஜாதி, ஆனா எலையிலருந்து எறங்குற நீலம் ஒன்னுதான். இங்க அதுக்குப் பேரு 'ஐ'. நம்ம ஆனா ஆவன்னாவுல வர்ற ஐ இருக்குல்ல, அதே சத்தம். யோஷினோன்னு ஒரு பெரிய ஆறு, முன்ன அடிக்கடி ஒடைச்சுக்கிட்டு வரும், புயல் காலத்துல நெல்லு மொத்தமா போயிரும், அவுரி அதுக்கு முன்னயே வெட்டி முடிஞ்சிரும், வெள்ளம் கொண்டு வந்து போட்ட வண்டல் மண்ணு வேற, அதான் நெல்ல விட்டுட்டு இதப் புடிச்சுக்கிட்டாங்க. ஜப்பான் முழுக்க உடுப்பு சாயம் இங்கருந்துதான் போயிருக்கு. 1897ல ஜெர்மன்ல ஒரு பெரிய கம்பெனி கெமிக்கல் நீலத்த சந்தைக்கு விட்டுச்சு, பொறவு கொஞ்சம் கொஞ்சமா தோட்டமெல்லாம் படுத்துருச்சு. நமக்கு கோப்பி நோய்ல போன கதைதான், இவங்களுக்கு கெமிக்கல்ல போச்சு, அவ்வளவுதான். யுத்த காலத்துல சாப்பாட்டுப் பயிர்தான் போடணும்னு தடையே போட்டாங்களாம், இந்தச் செடி வருசா வருசம் வெதச்சாத்தான் வெத தப்பும், யாரோ ஒளிச்சு ஒளிச்சு போட்டு காப்பாத்தியிருக்காங்க.

போன ஞாயிறு லீவுல பக்கத்துல ஐசுமின்னு ஒரு ஊருக்குப் போனேன், பழைய அவுரி வியாபாரி வீட்ட மியூசியமா வச்சிருக்காங்க. எலைய காய வச்சு, குவிச்சு, தண்ணி தெளிச்சு, பெரட்டிப் பெரட்டி நூறு நாள் மாதிரி புழுங்க விடுறாங்க, குவியல் உள்ளுக்குள்ள சூடு ஏறிரும், நீங்க கொழுந்து குவிச்சு வச்சா உள்ள சூடாகிரும்னு சொல்லுவீங்களே அதே கதை. அந்த மக்குன எலைய சாம்பத்தண்ணி, தவிடு, சுண்ணாம்பு போட்டு தொட்டியில புளிக்க வைக்கிறாங்க. மேல நீலமா ஒரு நுரை கட்டும், அதுக்கு அவுரிப் பூன்னு பேரு வச்சிருக்காங்க. பூன்னு பேரு, நாத்தம் மாட்டுத்தொழுவம் மாதிரி.

காசு கட்டுனா நம்மளே ஒரு லேஞ்சிய, அதான் கைக்குட்டைய, சாயம் போடலாம். நான் கையுறைய சரியா போடாம முக்கிட்டேன். முக்கி எடுத்தா அம்மா, நீலமே இல்ல. பச்சை. மஞ்சளும் பச்சையுமா வாழக்கன்னு குருத்து மாதிரி. ஏமாத்துறாங்களான்னு நெனச்சு அந்தப் பொம்பளைய பாத்தேன், அவங்க சிரிச்சுக்கிட்டு லேஞ்சிய விரிச்சு காத்துல புடிக்கச் சொன்னாங்க. புடிச்சா ஓரத்துலருந்து மாறிக்கிட்டு வருது, பச்சை கலங்கி, மேகம் மூடுன கலர் ஆகி, கண்ணு முன்னால நீலமா நிக்குது. காத்து பட்டாத்தான் நீலம்! அப்பா நீங்க ஸ்டோர்ல கொழுந்த ரோல் பண்ணி காத்துப்பட பரப்பி வச்சு, செப்புக்காசு கலர் வந்ததும் எடுக்கணும்னு சொல்லுவீங்களே, பச்சை எலைய காத்துதான் செவப்பாக்கும்னு, அதேதான். உங்க எலைய காத்து செவப்பாக்குது, இவங்க எலைய காத்து நீலமாக்குது. நான் அத ஒடஞ்ச ஜப்பான் பாஷையில அவங்ககிட்ட சொன்னேன், எத்தன வெளங்குச்சோ தெரியல, ஆனா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க.

மறுநாள் நகமெல்லாம் நீலம், சோப்புல போகல. மேலதிகாரி பாத்துட்டு கையுறை போட்டுட்டு வேலை செய்யுன்னாரு, சரின்னேன். எங்க எடத்துல ஒரு பாட்டி இருக்காங்க, தொண்ணூத்தி மூணு வயசு, யார்கூடவும் பெருசா பேசாது, சோறு ஊட்டுனா மொகத்த திருப்பும். ராத்திரி தண்ணி குடுக்க கையுறைய கழட்டினேன், அந்தம்மா கெளாச வாங்காம என் வெரல புடிச்சுது. ஒவ்வொரு நகமா பாத்துச்சு. பொறவு மூக்குல வச்சு மோந்து பாத்துச்சு. அவங்க கல்யாணம் பண்ணிட்டு வந்த வீட்டுல சாயத் தொட்டி இருந்துச்சாம், நாப்பது வருசம் கை நீலமா இருந்துச்சாம், விட்ட பொறவு நகம் வளந்து வளந்து வெட்டுப்பட்டு எல்லாம் போயிருச்சு. இப்ப இந்தக் கை சுத்தமா இருக்கு, யாரோட கையோ மாதிரி இருக்குன்னு சொல்லுச்சு.

நான் போன்ல இருந்த உங்க போட்டோவ காட்டுனேன் அம்மா, போன சித்திரையில மலையில கொழுந்து பறிக்க தார்ப்பாய்ப் படங்க கட்டிக்கிட்டு நிக்கிறது. அந்தம்மா மொகத்த பாக்கல, பெருசாக்கி கைய காட்டச் சொல்லுச்சு. கொழுந்துக் கறை வெரலுக்கு நடுவுல கருப்பா வெடிச்சு போயிருக்குல்ல, அத பாத்துட்டு இது என்ன செடின்னு கேட்டுச்சு. அம்மாவோட கைய பாத்து இப்படிக் கேட்டது இதுவரைக்கும் அந்தம்மா ஒருத்தங்கதான். நீங்க கல்யாண வீட்டுக்குப் போனா அந்தக் கைய முந்தானைக்குள்ள வச்சுக்குவீங்க. அன்னையிலருந்து என் கையால ஊட்டுனா சாப்பிடுது.

பாப்பா, உனக்கு அந்தம்மா சொன்ன ஒரு பழமொழி, சீனாவுலருந்து இங்க வந்ததாம்: நீலம் அவுரியிலருந்துதான் வருது, ஆனா அவுரிய விட நீலம். படிப்பிச்ச வாத்தியார விட பிள்ளை மேல வந்தா சொல்லுவாங்க. ஏ.எல். பரீட்சை வருது, போன கீழ வை.

இன்னொரு விசயம், லயத்துல இப்ப எல்லா வீட்டுக் காம்பராவுலயும் எரியிற வெள்ளை எல்.இ.டி. பல்பு, அதுவும் ஒரு வகையில இந்த ஊர்தான். இங்கருந்து தெக்கால அனான்னு ஒரு எடம், அங்க ஒரு கம்பெனியில இருந்த ஷுஜி நகமுரா 1993ல நல்லா பிரகாசமா எரியிற நீல எல்.இ.டி. செஞ்சாரு. செவப்பும் பச்சையும் அதுக்கு ரொம்ப முன்னயே வந்துருச்சு, நீலம்தான் வராம இழுத்தடிச்சுச்சு. அகசாகி, அமானோன்னு வேற ரெண்டு பேரோட அவருக்கு 2014ல நோபல் கெடச்சுச்சு. வெள்ளை பல்புக்குள்ள இருக்கிறது உண்மையில நீலம், மேல மஞ்சளா ஒரு பூச்சு பூசியிருக்கு, ரெண்டும் சேந்துதான் வெள்ளையா தெரியுது. இத படிச்சப்ப எனக்கு சிரிப்பா வந்துச்சு. ஞாயித்துக்கிழமை பீலிக்கரையில நம்ம யூனிபோம் மஞ்சளா தெரியுதுன்னு துணியில நீலத்தூள முடிஞ்சு வாளியில ஆட்டுவீங்களே, அந்த வித்தைக்குத்தான் அங்க நோபல் குடுத்திருக்காங்க. நான் ஒரு தடவ அவசரத்துல தூள அப்படியே கொட்டி, முதுகுல மேகம் மேகமா நீலத்தோட ஸ்கூலுக்குப் போய், அசம்பிளியில கடைசி வரைக்கும் செவத்தோட ஒட்டி நின்னது ஞாபகம் இருக்கா?

அடுத்த மாசம் 12லருந்து 15 வரைக்கும் இங்க பெரிய ஆட்டத் திருவிழா, ரோடு முழுக்க ஆடுவாங்க. எனக்கு ஒரு நாள் லீவு கெடைக்கும் போல. இங்க சாயங்காலம் தூரத்து மலை எல்லாம் நீலமா தெரியிறப்ப மட்டும் ஊரு ஞாபகம் வருது, மவுஸ்ஸாக்கலை அணைத் தண்ணிக்கு அங்கிட்டு சிவனொளிபாதமலை அந்த நேரம் அப்படித்தான் நிக்கும். கிட்டப் போனா பச்சைதான். மத்த நேரம் ஞாபகம் வர்றதுக்கு எனக்கு நேரம் இல்ல.

காசு செவ்வாக்கிழமை போட்டிருக்கேன், கூரைத் தகரத்துக்கு முதல்ல எடுங்க, அந்த நீலப் படங்க மேல போட்டு கல்லு வச்சு இன்னும் எத்தன மழைக்கு சமாளிப்பீங்க.

அப்பறம் பாப்பா, அந்தப் பாட்டி அம்மாயியோட தேள பாக்கணுமாம், நான் வாய் தவறி சொல்லிட்டேன், தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கு. வீட்டுக்குள்ள வச்சு எடுக்காத, வெள்ளன வெளிய கூட்டிட்டு வந்து வெளிச்சத்துல எடு, அம்மாயி வெக்கப்பட்டு கைய இழுக்கும், அம்மாவ புடிச்சுக்கச் சொல்லு. அம்மா கையும் சேந்து விழட்டும். தேள் வாலு அறுபடாம எடு.

அன்புள்ள,
உங்க மூத்த மக