வெறும் திருவிழா ராட்டினமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அமெரிக்கப் பயணக் கட்டுரையில், "பொழுதுபோக்குப் பூங்காவை உலகுக்கு அறிமுகப்படுத்தியது 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட், அதற்கு முன் அங்கு இருந்தவை வெறும் திருவிழா ராட்டினங்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. எட்டுப் பக்கக் கட்டுரையில் ஒரு வரிதானே என்று இதழை மூடி வைத்துவிட்டேன். ஆனால் அந்த 'வெறும்' இரண்டு நாளாக என்னை விடவில்லை.

நான் 1986 முதல் பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். நகருக்குத் தென்கிழக்கே, மனோங்கஹேலா ஆற்றைப் பார்த்த மேட்டில், கென்னிவுட் பூங்கா 1898 முதல் இருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் டிராம் வண்டியில் கூட்டம் ஏறவேண்டும் என்பதற்காக, கென்னி குடும்பத்தாரின் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, டிராம் நிறுவனமே உண்டாக்கிய பூங்கா அது. அந்நாளைய அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இப்படிப் பூங்காக்கள் இருந்ததைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்னிலேண்டின் வாசல் திறந்த அன்று உள்ளே மேடுபள்ளத் தண்டவாளத்தில் பெட்டிகள் பாய்ந்தோடும் ரோலர் கோஸ்டர் ஒன்றுகூட இல்லை என்பதும், அதன் முதல் கோஸ்டரான மேட்டர்ஹார்ன் 1959இல்தான் வந்தது என்பதும், அதற்குள் கென்னிவுட்டின் ஜாக் ராபிட் 39 ஆண்டுகள் ஓடியிருந்தது என்பதும்கூடத் தாங்கள் அறிந்தவையாகவே இருக்கும். அறிந்திருந்தும் அந்த வரியை அச்சேற்றினீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஜாக் ராபிட்டை 1920இல் வடிவமைத்தவர் ஜான் மில்லர். பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு எகிறாமல் இருக்க, தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்குத் தலைகீழாகச் சுழலும் எஃகுக் கோஸ்டர்களும் அந்த அடிச்சக்கரத்தை நம்பித்தான் சுழல்கின்றன. ஜாக் ராபிட்டின் இரட்டைச் சரிவில் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கணம் இருக்கையை விட்டு எழும்பிவிடுவார். நானும் எழும்பியிருக்கிறேன், காஞ்சிபுரம் பருத்திப் புடவையோடு.

1927இல் அவரே அமைத்த ரேசர் இன்னும் விசித்திரமானது. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் பந்தயம் ஓடும். பார்ப்பவர்கள் இரண்டு பாதைகள் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது தன்னையே சுற்றிவரும் ஒரே பாதை. ஆகவே இடப்பக்கத்தில் புறப்பட்ட வண்டி வலப்பக்கத்தில் வந்து நிற்கும். என் கணவரும் நானும் ஆளுக்கொரு வண்டியில் ஏறிக்கொள்வோம். இறங்கும்போது இடம் மாறியிருப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவார்கள். உலோகவியல் படித்த மனிதர், அதை ஒரு காகிதப் பட்டையை முறுக்கி ஒட்டி அவர்களுக்கு விளக்கினார். எந்தத் திருவிழா ராட்டினத்தில் இப்படி ஒரு கணிதப் பாடம் கிடைக்கும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர்தான் சொல்லவேண்டும்.

அவர் எங்கள் ஊருக்கு வராதவரும் அல்லர். பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்கு வந்திருக்கிறார். அங்கு கிடைத்த புளியோதரைக்கு ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறார். புளியோதரை நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத தொலைவில்தான் 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பூங்கா இருக்கிறது. தங்கள் இதழில் வரும் அமெரிக்கா எப்போதும் நயாகரா, லாஸ் வேகாஸ், டிஸ்னி என்ற மூன்றோடு முடிந்துவிடுவதால், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கும் முன்பு ஒரு சம்பவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட படத்தொகுப்பு ஒன்றில் இதே பூங்காவின் படத்துக்குக் கீழே "கென்னிவுட் ஸ்டுடியோ" என்று அச்சாகியிருந்தது. கோடம்பாக்கத்துக்கு ஒரு 'வுட்' இருப்பதுபோல் இதுவும் ஒன்று என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலும். அன்றே கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, கிடைத்தது என்று ஒரு வரிப் பதிலும் வரவில்லை. இடப்பற்றாக்குறை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் வந்த ஆண்டில்தான் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையை மூடினார்கள். ஆற்றின் அக்கரையில், பிராடக்கில், எஃகு அதிபர் கார்னகி 1875இல் தொடங்கிய ஆலை மட்டும் புகைந்துகொண்டிருந்தது. பூங்காவிலிருந்து பார்த்தால் தெரியும். அந்த ஆலைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு சாப்பாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு வந்த இடம் அது. பள்ளி மூடும் பருவத்தில் எங்கள் பிள்ளைகளையும் பள்ளிச் சுற்றுலாவாக அங்குதான் அழைத்துப் போனார்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கு அது சித்திரைத் திருவிழா போன்றது என்றால் மிகையாகாது. ஆகவே 'திருவிழா' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை; அதற்கு முன்னால் நிற்கும் சொல்லோடுதான்.

தண்டர்போல்ட் என்ற மரக் கோஸ்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1924இல் பிப்பின் என்ற பெயரில் தொடங்கி, 1968இல் மாற்றிக் கட்டப்பட்டது. பெரும்பாலான கோஸ்டர்கள் முதலில் சங்கிலியால் மேலே இழுத்துச் சென்றுதான் கீழே விடும். இது புறப்பட்ட உடனே பள்ளத்தில் பாய்ந்துவிடும், ஏற்றம் நடுவழியில்தான். அதன் சட்டங்களுக்கு ஊடே புகுந்துதான் ஃபேண்டம்ஸ் ரிவெஞ்ச் என்ற எஃகுக் கோஸ்டர் 232 அடி இறங்குகிறது. தண்டர்போல்டில் தனியாள் ஏற அனுமதி இல்லை, இருவராகத்தான் உட்காரவேண்டும். என் கணவர் காலமான மறு ஆண்டு, பழக்கத்தில் வரிசையில் நின்றுவிட்டேன். முன்னால் போன பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. பின்னால் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி, தன் தோழிகளை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டது அவள்தான். பயந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். அதில் கென்னிவுட் என்பது பூங்காவின் பெயர், ஸ்டுடியோ அன்று என்பதையும் சேர்த்துக்கொண்டால், பழைய கணக்கும் தீர்ந்துவிடும். இடப்பற்றாக்குறை இருந்தால் புளியோதரைப் பத்தியைப் போல ஏதேனும் ஒன்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா