முட்டி போட்ட கதை

அன்பு மாப்ளே,

இங்க எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு சுடலை சொன்னான், நான் விசாரிச்சதாச் சொல்லு. ரெண்டு வருஷமா போன் பண்ணாதவன் லெட்டர் எழுதுறானேன்னு பார்க்காதே. போன்ல சொன்னா நீ பாதிக் கதையிலேயே சிரிக்க ஆரம்பிச்சிருவே.

பொங்கல் ஹாக்கி மேட்ச்ல விழுந்துட்டேன். யாரும் ஸ்டிக்கால அடிக்கல. லெஃப்ட் விங்ல பந்து போகுது, பதினெட்டு வயசு நினைப்புல விரட்டுறேன், பின்தொடையில யாரோ கல்லால எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. திரும்பினா பின்னால ஒருத்தனும் இல்ல. பனங்கிழங்கு மட்டும் கோல்போஸ்ட்ல சாஞ்சு நின்னு சிரிக்கிறான். ஆறு வாரம் நொண்டினேன்.

பிசியோவுக்குப் போனா, நம்ம வயசுல பாதி இருக்குற பொண்ணு. "அரை மணி நேரம் ஸ்ட்ரெட்ச் பண்ணிட்டுத்தாம்மா இறங்கினேன்"னு ரோஷமாச் சொன்னேன். அதெல்லாம் போதாதாம். வேகமா ஓடுறப்ப முன்னால வீசுற காலுக்கு பிரேக் போடுறது இந்தச் சதைதானாம். நீண்டுக்கிட்டே இழுவையைத் தாங்கணும். அதுக்கு பலம் வேணும்.

அப்புறம் என்னை முட்டி போட வச்சா! பி.டி. வாத்தியார் ஞாபகம் வந்துருச்சு. கணுக்காலை ஒருத்தர் அமுக்கிப் பிடிக்கணும், இடுப்பு மடங்காம மெதுவா முன்னால சாயணும், தாங்க முடியாத இடத்துல கையை ஊனிக்கணும். பேரு நார்டிக். 2011-ல டென்மார்க்ல 942 கால்பந்து ஆட்டக்காரங்களை வச்சுப் பார்த்த கணக்கு வெளிவந்திருக்கு. பாதிப் பேருக்கு 10 வாரம் இந்தப் பயிற்சி. அவங்க பக்கம் பின்தொடைக் காயம் 15, செய்யாதவங்க பக்கம் 52. ஆட்டம் வேற, ஓட்டம் ஒண்ணுதானேடா.

இன்னொண்ணும் சொன்னா. ஒரு தடவை கிழிஞ்சவனுக்கு மறுபடி கிழியறது சகஜமாம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நம்ம செல்வம், செலக்‌ஷனுக்கு முன்னாடி ரெண்டாவது தடவையா தொடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தப்ப, "நடிக்கிறான்"னு முதல்ல சொன்னது நான்தான். நீயும் சிரிச்சே.

சரி, மே மாச மேட்சுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு, நீயும் இந்த நார்டிக்கை ஆரம்பி. முதல் வாரம் ஒரே நாள், அஞ்சஞ்சா ரெண்டு தடவை, அதுக்கு மேல வேண்டாம். அதுக்கே மறுநாள் படி இறங்க மாட்டே. உன் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் ஆரம்பிச்சு விடு. உன் கணுக்காலைப் பிடிக்க மட்டும் தங்கச்சியைக் கூப்பிடாதே, பழைய பாக்கியெல்லாம் வசூலாயிரும்.

செல்வம் நம்பர் உன்கிட்ட இருந்தா அனுப்பு.

உன்,
நொண்டி