மின்சாரம் போனால் தொலைபேசியும் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்புகளை எடுத்துவிட்டு, ஃபைபர் என்னும் கண்ணாடி இழை வழியாக இணையத்தில் பேசும் இணைப்புகளாக மாற்றி வருகிறார்கள். எண் மாறவில்லை. பழைய கருவியையே மோடத்தின் பின்னால் செருகிப் பேசலாம். (சுழற்றும் டயல் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும் ஏமாறக்கூடும். பல மோடங்களுக்கு அந்தத் துடிப்புகள் புரிவதில்லை. அழைப்பு வரும், போகாது.)

இந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்தில் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் யார் திட்டு வாங்குவது என்று எனக்குத் தெரியும். சாலையைத் தோண்டும் பொக்லைன் ஒரு பக்கம், செம்புக்காகக் கேபிளை வெட்டிச் செல்லும் திருடன் மறுபக்கம். ஃபைபரை எவனும் எடைக்குப் போட முடியாது!

சொல்ல வந்தது வேறு. பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவைப்பட்டதே இல்லை. அதற்கு வேண்டிய 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையிலிருந்து பேசுகிற கம்பியிலேயே வந்துகொண்டிருந்தது. இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி பார்த்து, மட்டம் குறைந்த செல்லுக்கு வடிநீர் ஊற்றி, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் மற்ற வேலை. அமிலம் தெறித்துப் பொத்தலான சட்டைகளை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவார். ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அந்த அறையால்தான்.

அந்தப் பொறுப்பு இப்போது சத்தமில்லாமல் வாடிக்கையாளர் தலைக்கு வந்துவிட்டது. ஃபைபரில் ஒளி வரும், மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் தொலைபேசி ஊமை. எங்கள் வீட்டுக்கு வந்த பையன் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் மோடத்தைச் செருகிவிட்டுக் கிளம்பினான். அது இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்றேன். "அதான் செல்போன் இருக்கிறதே ஐயா" என்றான்.

எதிர்வீட்டு அக்காவிடம் செல்போன் இல்லை. தனியாக இருப்பவர், பார்வையும் மங்கல். கட்டிலுக்கு அருகே உள்ள பெரிய பொத்தான் தொலைபேசியில் தடவித் தடவித்தான் எண்களை அழுத்துவார். பராமரிப்புப் பணி என்று காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் அவர் வழுக்கி விழுந்தால், 108க்குச் சொல்ல வழியில்லை. செல்போனை நம்பும் பையனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் செல்போன் கோபுரங்களும்தான் வாயடைத்துப் போயின.

தீர்வு பெரிய செலவும் அல்ல. பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கான சிறிய யுபிஎஸ் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். ஆனால் வீட்டில் மட்டும் வைத்துப் பயனில்லை. மறுமுனையில் ஃபைபர் போய்ச் சேரும் ஓஎல்டி கருவிக்கும் பேட்டரி வேண்டும். அது பல ஊர்களில் உள்ளூர் ஆபரேட்டரின் அறையில் இருக்கிறது. அங்கே எத்தனை மணி நேரத்துக்குப் பேட்டரி இருக்கிறது என்று எங்கள் ஆபரேட்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

பிரிட்டனில் 2027 ஜனவரிக்குள் செப்புக்கம்பித் தொலைபேசியை நிறுத்தப்போகிறார்கள். மின்தடையின்போது தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்கள் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க நிறுவனங்கள் வழி செய்து தர வேண்டும் என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் சொல்லியிருக்கிறது. நம் நாட்டின் ஆணையமான டிராய் இதைவிடக் கூடுதலாகவே கேட்கலாம். நம் ஊர் மின்தடை ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. தனியாக வாழும் முதியோருக்கு யுபிஎஸ்ஸை இணைப்போடு சேர்த்தே கொடுக்கட்டும். மின்சாரம் இல்லாவிட்டால் இந்தத் தொலைபேசி இயங்காது என்பதையும், ஆபரேட்டரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் விண்ணப்பத்தில் தமிழில் அச்சிட்டு, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி டெக்னீஷியன்,
பட்டுக்கோட்டை