முழுச் செய்தியையும் போடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "பார்க்கின்சன் நோய்க்கு இனி இருமல் மருந்தே போதும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்கு இருப்பது அந்த நடுக்க நோய்தான். மறுநாளே ஆலங்குளத்துச் சித்தி ஒயர் கூடையில் இரண்டு பாட்டில் சிரப்போடு வந்துவிட்டார். "டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடுத்துப் பாருலே" என்கிறார். சித்தி மேல் எனக்கு வருத்தமில்லை. பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்.

அந்த இருமல் மருந்தான அம்புராக்சாலை வைத்து ஆராய்ச்சி நடப்பது உண்மைதான், நீங்கள் அறியாததல்ல. 2020-இல் வெளியான லண்டன் சோதனையை முடித்தவர்கள் 17 பேர். மருந்து மூளை வரை போகிறதா என்று பார்த்தார்கள்; ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்கள் யாருமில்லை. அடுத்ததாக பிரிட்டனில் 330 பேரை வைத்து இரண்டு வருடச் சோதனை. அதன் முடிவைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். லண்டனில் கொடுத்தது நாளுக்கு 1,260 மில்லிகிராம். இருமலுக்கு நாம் குடிப்பது நூறைத் தாண்டுவதே அபூர்வம். அதோடு, நம் கடைகளில் விற்கும் பல சிரப்புகளில், மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பூட்டலினோ சால்பூட்டமாலோ கலந்திருக்கும். கை நடுக்கம் அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. சித்தி தந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், டெர்பூட்டலின் இருந்தது. ஏற்கெனவே நடுங்கும் கைக்கு இதையா கொடுப்பது?

என் அம்மா முக்கூடலில் சிறுவயது முதல் பீடி சுற்றியவர். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பேச்சு நிற்காமல், இலையைப் பார்க்காமலே சுருட்டுவார். முதலில் வந்தது நடுக்கம் அல்ல. வலது தோள் பிடித்துக்கொண்டது, பிறகு விரல் இலையின் முனையை மடக்க மறுத்தது. பீடிக்கடையில் கழித்துப் போடுவது கூடிக்கொண்டே போனது. ஒரு மருத்துவமனையில் எலும்புத் தேய்மானம் என்று மாதக்கணக்காகத் தைலமும் ஊசியும்தான். தோள் இறுக்கத்தில் இந்த நோய் தொடங்கலாம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தால் நாங்கள் முன்பே பாளையங்கோட்டைக்கு ஓடியிருப்போம். அப்போது நீங்கள் எழுதியது பூனைக்காலி விதையின் மகிமை. அதில் இந்த நோய்க்கு டாக்டர்கள் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்துச் சத்து இருக்கிறது, சரி. ஏற்கெனவே அதே மாத்திரை சாப்பிடுகிறவர் அளவு தெரியாமல் அதையும் தின்றால் என்ன ஆகும் என்று எழுதவில்லையே.

எக்ஸனடைட் என்ற நீரிழிவு ஊசிக்கும் இதே கதிதான். 2017-இல் சிறிய சோதனை நம்பிக்கை தந்ததும் அமர்க்களமாக எழுதினீர்கள். 2025 பிப்ரவரியில், 194 பேரிடம் 96 வாரம் பார்த்தும் பலனில்லை என்று முடிவு வந்தது. உங்கள் இதழில் தேடிப் பார்த்தேன், ஐயா. ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை.

பழைய மருந்தைப் புது நோய்க்குப் பரிசோதிப்பதை நான் குறை சொல்லவில்லை. அம்மா இன்று சாப்பிடும் அமண்டடின், ஃப்ளூ காய்ச்சலுக்காக வந்த மருந்துதான். பார்க்கின்சனுக்கும் உதவுவது 1960-களின் கடைசியில் தெரியவந்தது. அப்படி இன்னொன்று கிடைக்காதா என்று எங்களைவிட ஏங்குகிறவர்கள் யார்? அந்த ஏக்கத்தோடு விளையாடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "சோதனை முடியவில்லை, சிரப் வாங்காதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று போடுங்கள். அந்த 330 பேரின் முடிவு வரும்போது, பலித்தாலும் பலிக்காவிட்டாலும், அதையும் அங்கேயே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்