கோயில்பிள்ளை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பான சபையாருக்கு, இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நம் சபைக் காணிக்கைக் கணக்கு இடித்ததால் வைத்த தணிக்கை முடிந்தது. கணக்கு நேராகிவிட்டது, யார் பேரிலும் குறை இல்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்; திரும்ப எழுத மனமில்லை.

முதல் நன்றி கோயில்பிள்ளை அண்ணாச்சிக்கு. மணியடிப்பதும் பாய் விரிப்பதும்தான் அவர் வேலை, கணக்கு அவர் பொறுப்பே அல்ல. ஆனால் ஞாயிறுதோறும் வெஸ்திரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்) காணிக்கை எண்ணும்போது கூட்டிப் போட்டுவிட்டு மேசையிலேயே விட்டுப்போகிற துண்டுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "காணிக்கை எழுதின காயிதம்லா, எரிக்க மனசு வரல" என்றார்.

அந்தச் சீட்டுகளின் அருமை கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேரேட்டில் இருப்பது வங்கியில் கட்டிய தொகை. பையில் விழுந்த தொகை சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு சீட்டில் 500 பதினான்கு, 200 பதினொன்று, 100 ஐம்பத்திரண்டு, 50 முப்பத்தெட்டு, 20 நாற்பத்தொன்று, 10 தொண்ணூற்றாறு, சில்லறை 260. ஆக 18,340 ரூபாய். திங்களன்று வங்கியில் ஏறியது 15,840. இடையில் 2,500 எங்கே? அதே வாரம் மைக் செட் பழுதுபார்த்த ரசீது 2,500. காணிக்கைப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டியிருக்கிறார்கள். சபைக் கணக்குகள் இடிப்பது பெரும்பாலும் திருட்டினால் அல்ல, வரவை முழுசாகக் கட்டாமல் செலவைக் கழித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தினால்தான். சீட்டு இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் ஒரு மனிதன் தலையில் விழும்.

தேதி எழுதாத சீட்டுகளும் இருந்தன. 2000 ரூபாய் நோட்டு உள்ள சீட்டென்றால் அநேகமாக 2023 அக்டோபர் 7-க்கு முந்தியது; அதற்குப் பிறகு வங்கிக் கிளைகள் அந்த நோட்டை வாங்கவில்லை. அதை வைத்தே ஒரு கட்டுச் சீட்டுகளை வரிசைப்படுத்தினார்கள்.

ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வரும் பொருள்களின் ஏலம் இன்னொரு தொல்லை. சேவலையும் வாழைத்தாரையும் உற்சாகத்தில் ஏலம் கேட்டுவிட்டுப் பணத்தைப் பிறகு தருவார்கள். கேட்ட தொகையை அன்றைக்கே வரவு வைத்தால் பெட்டியில் அவ்வளவு இருக்காது. பாக்கியைத் தனிப் பட்டியலாக எழுத வேண்டும். சுணங்காமல் வந்து பாக்கியைத் தீர்த்தவர்களுக்கு நன்றி.

கூலி வாங்காமல் உட்கார்ந்த ஆடிட்டர், பழைய செலான்களைத் தேடி எடுத்துக் கொடுத்த வங்கி ஊழியர்கள், எக்செலில் ஏற்றிய வாலிபர்கள், ராத்திரி காப்பி போட்டுக் கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், அறை தந்த பக்கத்துச் சேகரத்தார் (அடுத்த சபை வட்டாரத்தார்) எல்லாருக்கும் நன்றி. சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்களுக்கும்தான். அதைத் துரோகம் என்று பேசியவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தக் கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூடச் சேர்த்துக்கொண்டார். வேதாகமத்தில் யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயக் காணிக்கைப் பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணிக் கட்டினார்கள். இவர்களில் யாரையும் சந்தேகப்பட்டு அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை.

இனி இப்படி: எண் அச்சிட்ட சீட்டுப் புத்தகம், கார்பன் வைத்து இரண்டு பிரதி. எண்ணுகிற இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி பொருளாளருக்கு, மற்றது அறிவிப்புப் பலகைக்கு. எண்ணிய தொகை ஒரு ரூபாய் குறையாமல் திங்களன்று வங்கிக்குப் போகும். அவசரச் செலவுக்குத் தனியாக 3,000 ரூபாய் கைச்செலவுப் பணம். வவுச்சர் காட்டினால்தான் அது மறுபடி நிரப்பப்படும். கட்டட நிதியிலிருந்து அசனத்துக்கு (சபை விருந்துக்கு) கைமாற்று கிடையாது, எந்தப் பண்டிகையானாலும் சரி.

பழைய சீட்டுகள் இப்போது ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டு பீரோவில் இருக்கின்றன. டப்பாவை அண்ணாச்சி திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம்.

எண்ணுவதற்கு மாதத்துக்கு இரண்டு பேர் வீதம் ஆட்கள் தேவை. வர விரும்புகிறவர்கள் குருவானவரிடம் பேர் கொடுங்கள். ஒரே வீட்டார் இருவர் வேண்டாம்.

சேகர கமிட்டிக்காக,
செயலர்