டிஜிட்டல் கடல் வரைபடம்: கட்டுரை விட்ட இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிஜிட்டல் கடல் வரைபடங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் இனிக் கப்பல் தரைதட்டும் பேச்சுக்கே இடமில்லை என்ற முடிவை, கப்பலில் வேலை பார்த்த என்னால் ஏற்க முடியவில்லை.

2013 செப்டம்பரில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் ‘ஓவிட்’ என்ற ரசாயனக் கப்பல் வார்ன் மணல்திட்டில் ஏறி நின்றது. அதில் எக்டிஸ், அதாவது டிஜிட்டல் வரைபடத்தையும் கப்பல் இருக்கும் இடத்தையும் திரையில் காட்டும் கருவி, இருந்தது. ஆனால் போட்ட பாதையே திட்டின் மேல்தான் போனது. ஆழம் எந்த அளவுக்குக் கீழே குறைந்தால் ஆபத்து என்று கருவிக்குச் சொல்லும் பாதுகாப்பு ஆழக்கோடு அந்த இடத்துக்குப் பொருந்தாத அளவில் வைக்கப்பட்டிருந்தது, எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. மறு ஆண்டு நவம்பரில் ‘வெஸ்டாஸ் விண்ட்’ என்ற பந்தயப் படகு மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பவளப்பாறைகளில் மோதியது. சுருக்கி வைத்துப் பார்த்த திரையில் அந்தப் பாறைகள் சரியாகத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்பது பேரும் உயிர் தப்பியது நல்ல காலம்.

இவையாவது பயன்படுத்தியவர்களின் கவனக்குறைவு. எனக்குப் பெரிய கவலை வேறு. கடலின் பல பகுதிகளில் வரைபடம் காட்டும் ஆழம், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிய காலத்தில் அளந்தது. அதைத் திரைக்கு மாற்றினால் நிறம் பளிச்சென்று இருக்குமே தவிர, அளவு திருந்திவிடாது. ஒவ்வொரு பகுதியின் அளவீடும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்குத் தரக்குறியீடு உண்டு. ஓட்டலுக்குப் போடுவது போல நட்சத்திரங்களாகத் திரையில் வரும். ஆறு இருந்தால் மிக நல்ல சர்வே. மூன்றுதான் என்றால் அது ‘சி’ தரம். அங்கே குறித்த இடம் 500 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம், 20 மீட்டர் என்று போட்ட ஆழத்தில் 3 மீட்டர் வரை பிழை இருக்கலாம். ஜிபிஎஸ் நம் கப்பலைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டும்; பாறையை அப்படிக் காட்ட யாரால் முடியும்? திரையை அடைக்கிறது என்று இந்த நட்சத்திரங்களை அணைத்துவிடும் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

கட்டுரை புகழ்ந்த எஸ்-100 என்ற, டிஜிட்டல் கடல் வரைபடத் தரவுக்கான புதிய தரம் நல்ல வரவு, மறுக்கவில்லை. 2029 முதல் புதிதாகப் பொருத்தும் எக்டிஸ் கருவிகளுக்கு அது கட்டாயம். ஓதத்தால் கடல்மட்டம் ஏறி இறங்குவதையும் சேர்த்து ஆழத்தைக் காட்ட அதில் வழி உண்டு. ஆனால் அதற்குள் போட நுணுக்கமாக அளந்த தரவு வேண்டும். கடலடியில் பெரும்பகுதி இன்னும் அப்படி அளக்கப்படவில்லை. அடுத்த கட்டுரையைச் சர்வே கப்பல்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி