எஸ்னா கூரைக்கு யாரும் வர்ணம் பூசவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எகிப்துக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நைல் கரைக் கோயில்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் எஸ்னா கோயில் படத்துக்குக் கீழே ‘புதிதாக வர்ணம் தீட்டப்பட்டு ஜொலிக்கும் கூரை’ என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அந்தக் கூரையில் இன்று தெரிகிற நீலமும் சிவப்பும் மஞ்சளும் ரோமானியர்கள் எகிப்தை ஆண்ட காலத்தில் பூசியவை. இப்போது நடந்தது அழுக்கை எடுக்கும் வேலை மட்டும்தான்.

நான் முப்பத்தைந்து வருஷம் சுவர் எழுதிப் பிழைத்தவன். பழைய சுவரில் புது வர்ணம் அடிப்பது ஒரு நாள் வேலை. பழைய வர்ணத்துக்குச் சேதம் வராமல் அதன் மேல் படிந்ததை மட்டும் எடுப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஒரு வரிக்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் என்னை எகிப்துக்கு அழைத்துப் போனான். லக்சரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம் எஸ்னா. கோயில் ஊருக்கு நடுவில், தெரு மட்டத்துக்கு ஏறக்குறைய 9 மீட்டர் கீழே, ஒரு பெரிய பள்ளத்தில் இருக்கிறது. மிஞ்சியிருப்பது முன்மண்டபம் மட்டும்தான். 37 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 24 தூண்கள். குயவர் சக்கரத்தில் மனிதர்களை வனைந்தவன் என்று எகிப்தியர் நம்பிய, ஆட்டுத்தலை கொண்ட க்னூம் தெய்வத்தின் கோயில் அது. ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் தொடங்கிய மண்டப வேலை கி.பி. 250 வாக்கில் பேரரசர் டெசியஸ் காலம் வரை இழுத்திருக்கிறது. ஒரு துதிப்பாடலை ஏறக்குறைய முழுக்க ஆட்டு உருவங்களாலும், இன்னொன்றை முதலை உருவங்களாலும் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்தே தொழிலாக இருந்தவனுக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

இந்த எழுத்துகளைப் படியெடுத்துப் பதிப்பித்தவர் செர்ஜ் சோனெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர். 1950களில் தொடங்கி, 1976-ல் இறக்கும் வரை அவர் இதற்காக உழைத்தார். ஆனால் அவர் அண்ணாந்து பார்த்தபோது கூரை கறுப்பாக இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஏறிய புகைக்கரி, தூசி, பறவை எச்சம். கல்லில் வெட்டிய எழுத்தை அந்தக் கறுப்பிலும் வாசித்துவிடலாம். வெட்டாமல் மையால் மட்டும் எழுதியதை எப்படி வாசிப்பது?

2018-ல் எகிப்தின் தொல்பொருள் துறையும் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஹிஷாம் எல்-லைதி, கிறிஸ்டியன் லைட்ஸ் ஆகியோர் பொறுப்பில், சுத்தம் செய்யத் தொடங்கின. சாரம் கட்டி ஏறி வேலை செய்தவர்கள் எகிப்தியப் பாதுகாப்புக் கலைஞர்கள். கரியை எடுக்க எடுக்க, விண்மீன் கூட்டங்களின் பக்கத்தில் மையால் எழுதிய பெயர்கள் வெளிவந்தன. ‘ராவின் வாத்துகள்’ (ரா என்பது எகிப்தியரின் சூரியக் கடவுள்) என்று ஒரு விண்மீன் கூட்டம். அப்படி ஒன்று இருந்ததே 2020 வரை ஆய்வாளர்களுக்குத் தெரியாது. அப்புறம் நடுக்கூரையில், 14 மீட்டர் உயரத்தில், சிறகு விரித்த கழுகு வடிவில் நெக்பெத், வாஜெத் என்ற இரண்டு தேவிகளின் 46 உருவங்கள் நிறத்தோடு தெரிந்தன. 2023-ல் பன்னிரண்டு ராசிகளும் முழுசாக வந்தன, வியாழன், சனி, செவ்வாயோடு.

ராசி மண்டலம் பாபிலோனிலிருந்து எகிப்துக்குப் போனது. அங்குள்ள கோயில்களில் மிக அபூர்வம். தெந்தெரா கோயிலில் இருந்த புகழ்பெற்ற வட்ட ராசிச் சக்கரத்தை 1821-ல் ரம்பமும் வெடிமருந்தும் வைத்துப் பெயர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அது லூவர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. எஸ்னாவின் ராசிகள் கரிக்கு அடியில் தங்கள் இடத்திலேயே பத்திரமாக இருந்திருக்கின்றன.

இதில் என்னை உலுக்கியது ஒரு விஷயம். எகிப்தியர்களின் கறுப்பு மை கரியைப் பசையில் குழைத்துச் செய்தது. மேலே படிந்த அழுக்கும் கரி, அடியில் இருந்த எழுத்தும் கரி. பஞ்சை ஒரு இழுப்பு அதிகமாக இழுத்தால் அழுக்கோடு எழுத்தும் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால், அங்கே ஒரு பெயர் இருந்தது என்பதுகூட யாருக்கும் தெரியாது. அத்தனை பொறுமையோடு வேலை பார்த்தவர்களை, டப்பாவைத் திறந்து பெயிண்ட் அடித்தவர்களாகக் காட்டிவிட்டது உங்கள் ஒரு வரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கட்டுரையில் சக்காராவில் தோண்டியெடுத்த சவப்பெட்டிகளுக்கு மூன்று பக்கம், அது ‘கண்டுபிடிப்பு’. எஸ்னாவுக்கு ஒரு படம், அது ‘பராமரிப்பு’. ஆனால் அந்த விண்மீன் பெயர்களை எந்த மண்வெட்டியும் கண்டுபிடிக்கவில்லை. துடைத்த கைகள்தான் கண்டுபிடித்தன. கல்வெட்டு தெரிந்தவரும் துடைக்கத் தெரிந்தவரும் ஒரே கூரைக்காகச் சேர்ந்து உழைத்ததால் கிடைத்த புது அறிவு அது. அதை ஆராய்ச்சி என்றே எழுதுங்கள்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாவது போட்டால் மகிழ்வேன். இடம் இருந்தால், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த கூரைப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். அந்த வேலையின் தலைமைக் கலைஞர் அகமது இமாமின் பெயரையும் கீழே சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுவரெழுத்து ஓவியர்,
மதுரை.